சொற்பொழிவு ஒலிநாடாக்களைக் காப்போம்



திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் 1993 நவம்பர் 7ஆம் நாள், இலண்டனிலிருந்து திரும்பும் வானூர்திப் பயணத்தில் இறைவனடி சேர்ந்தார்கள். அவர்தம் குரலை இன்றும் நாம் கேட்டு மகிழ்வது ஒலிப்பதிவுகளால்தான். புகழ்பெற்றோரின் நாடாக்கள் பலரிடம் உண்டு. நம் ஜொகூர் ஆலயங்களில் சமயம் போதித்த உள்ளூர்ப் பெரியவர்களின் குரலோ, அன்பர் ஒருவர் அன்று பதிவு செய்த ஒரே நாடாவில்தான் இருக்கும். அது கெட்டால் மறுபிரதி இல்லை.

நாடாவின்மேல் பூசிய காந்தத் துகள்களில்தான் ஒலி தங்கியுள்ளது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதில் பூஞ்சை படியும். வெண்மையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்ட வேண்டாம். கருவி வழியாக அடுத்த நாடாவுக்கும் அது பரவும். அதைத் தனியே வைத்து, விவரம் அறிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல நாடாக்களைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளால் சீர்செய்யலாம். ஓய்வுபெற்ற பின் நான் கற்ற முறையை, ஆசிரியர் பழக்கத்தில் வரிசைப்படுத்துகிறேன்.

1. ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் கருவியின் ஒலிமுனையைத் துடைத்து, உலரவிடுக.

2. பதிவை 'வேவ்' கோப்பாகச் சேமித்து, மூலப்படியாக வைத்திடுக. திருத்தமெல்லாம் நகலில் மட்டுமே.

3. பேச்சில்லாத சில நொடிகளைத் தேர்ந்து, "இதுவே இரைச்சல்" என்று மென்பொருளுக்குக் காட்டுக. பிறகு பதிவு முழுவதிலும் அதைக் குறைக்கச் செய்க.

4. "ம்ம்" என்ற உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் மின்சாரத்தால் வருவது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையை மட்டும் வடிகட்டுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாடாவின் 'உஸ்' இரைச்சலும், 'ஸ', 'ஷ' எழுத்துகளின் உரசல் ஒலியும் ஒரே உயர் அலைவரிசையில் இருப்பவை. இரைச்சலை அடியோடு நீக்க முனைந்தால் எழுத்தும் உடன் போகும். 'சஷ்டி விரதம்' 'சட்டி விரதம்' ஆகிவிடும்! குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஆகவே சற்று இரைச்சல் மிஞ்சினாலும் சொல் தெளிவாக இருப்பதே நலம். அவ்வாறே, பேச்சாளர் நிறுத்தும் இடத்தையும் சபையோரின் சிரிப்பையும் வெட்டாதீர்கள். பொருள் மனத்தில் பதிவது அங்கேதான்.

அன்பர்களே, வீட்டு அலமாரிகளைத் தேடிப் பாருங்கள். கிடைக்கும் நாடாவின் மேல் பேசியவர், ஆலயம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியை முடிப்போம். பொருள் ஈவது போல் இதுவும் அறமே.