விறாந்தையில் ஒரு வீட்டுத்தோட்டம்

குறிஞ்சிப்பிட்டியில் சொந்தக் காணி இல்லாத குடும்பமும் கறிக்குத் தேவையான கீரையையும் கொச்சிக்காயையும் வீட்டிலேயே பெறலாம். விறாந்தை ஓரம் போதும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்த குடும்பங்களில், ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்தோர் பலர். உங்கள் நிலையும் அதுவானால், பையில் நடுங்கள். போகும்போது லொறியில் ஏற்றலாம்.

ஏன் பையில்?

கற்பிட்டித் தீபகற்பத்தில் பெரும்பாலும் மணல் நிலம். ஊற்றும் நீரும் பசளையும் அதில் தங்காமல் கீழே இறங்கும். அந்த நிலத்தடி நீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். யூரியா மிஞ்சினால் நைத்திரேற்று கிணற்றில் சேரும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. உலக சுகாதார நிறுவனம் குறித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

செய்யும் முறை

1. பழைய உரப்பையைக் கழுவி, பாதியாக மடித்து, அடியில் நாலைந்து துளை இடுங்கள்.

2. மணல், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே சேருங்கள்.

3. முதலில் கங்குன் நடுங்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வெட்டலாம். அடியை விட்டு வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். பொன்னாங்காணியைத் தண்டாகவும், வல்லாரையை வேர்விட்ட கொடியாகவும் அயல்வீட்டில் கேட்டு வாங்கலாம். கொச்சிக்காய், கத்தரிக்குப் பைக்கு ஒரு கன்று போதும். கொச்சிக்காய் காய்க்க இரண்டு மூன்று மாதம் செல்லும்.

4. வல்லாரையை நிழலோரத்திலும், கொச்சிக்காயை வெயில் படும் இடத்திலும் வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும். அக்காலத்தில் பைகளைச் சுவரின் மறைவுக்கு நகர்த்துங்கள். அல்லது கிடுகு கட்டுங்கள்.

5. காலையும் மாலையும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அடியால் நீர் ஓடினால் அளவு கூடிவிட்டது. அரிசி கழுவிய நீரும், சவர்க்காரம் கலக்காத வுழூத் தண்ணீரும் நல்லவை. உவர் நீரைத் தவிருங்கள்.

இந்த வாரம்

ஒரு பையும் ஒரு பிடி கங்குன் விதையும் போதும், தொடங்குங்கள். இலையில் பூச்சி கண்டால் மருந்து வாங்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் காட்டுங்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பையைக் கொடுங்கள். தண்ணீர் ஊற்ற நீங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள்.