தைப்பூசத்துக்குள் மூக்கு ஆறுமா?

அன்புள்ள தர்ஷினி,

டிசம்பர் முதல் வாரம் ஆபரேஷன், ஜனவரிக் கடைசியில் தைப்பூசம். அதற்குள் மூக்கு ஆறிவிடுமா, பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவின் கவலை வேறு: சொந்தக்காரர்கள் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்களா என்பது. அவளுக்குப் பதில் சுலபம். மூன்று வாரம் போய்விட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. உன் கேள்விக்குத்தான் ஒரு வரியில் பதில் கிடையாது. கண்ணைச் சுற்றிய கன்றல் மறைய இரண்டு வாரம் போதும். எலும்பு இறுக ஆறு வாரமாவது ஆகும். மூக்கு நுனியின் வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருஷம்கூட ஆகலாம். இதில் எதை நீ மனதில் வைத்திருக்கிறாய் என்பதைப் பொறுத்தது.

முதல் இரண்டு மூன்று நாள் வலிதான் பெரிய தொல்லையாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வார்டில் நான் பார்த்த வரையில் வலியைப் பற்றிப் புலம்பியவர்கள் குறைவு. பலருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். புலம்ப வைப்பது அடைப்பு. உள்ளே சதை வீங்கியிருக்கும், சில டாக்டர்கள் நடுச்சுவருக்கு இருபுறமும் மெல்லிய சிலிக்கோன் தகடு வைத்திருப்பார்கள். வாயால்தான் மூச்சு விட வேண்டும். நாக்கு காயும், தொண்டை கரகரக்கும், தூக்கம் துண்டு துண்டாக வரும். மூக்கு வழியாகவும் தொண்டை வழியாகவும் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் நீர் கசியும். இவை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. தலைக்கு இரண்டு மூன்று தலையணை வைத்து மல்லாந்து படு. ஏர்கோன் போட்ட அறை உள்ளேயும் காய வைக்கும், அதனால் டாக்டர் தரும் உப்புநீர் ஸ்ப்ரேயைச் சொன்ன நேரத்துக்கு அடித்துக்கொள்.

மல்லாந்து படுக்கச் சொல்வது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தான் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். அடுத்த வருஷம் புனா பக்கத்தில் செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். பார்த்திருந்த ஆங்கில மருத்துவர்கள் சொன்ன விவரம் 1794 அக்டோபரில் லண்டனில் வெளியான ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வந்தது. நான் அதில் ரசித்தது ஆபரேஷனுக்குப் பிந்தைய பகுதியை. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்க வைப்பது, பத்தாம் நாள் நாசித் துவாரம் அடைந்துவிடாமல் மெல்லிய துணித் துண்டுகளை உள்ளே வைப்பது, 25ஆம் நாள் வாக்கில் நெற்றியோடு ஒட்டியிருக்கும் தோல் இணைப்பை வெட்டிவிடுவது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் அதே முறையில் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம். உனக்கு ஏழெட்டு நாள் பிளாஸ்டர்தான், அதை நினைத்துக்கொள்.

கண்ணைச் சுற்றி வீக்கமும் நீலமும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். நம் நிறத்தில் அது நீலமாகத் தெரியாது, கன்னங்கரேலென்று இருக்கும், பிறகு மஞ்சளாகி மறையும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் வைக்கலாம். மூக்கின் மேல் வைத்து அழுத்தாதே. உனக்கு மூக்குத் தண்டின் மேட்டைச் செதுக்கும்போது எலும்பையும் இரண்டு பக்கமும் உள்ளே தள்ளப்போகிறார்கள் என்றால் கன்றல் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்தால் காதும் வலிக்கும், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. விலாவிலிருந்து எடுத்தால் இருமும்போதும் சிரிக்கும்போதும் அங்கேதான் குத்தும். எங்கிருந்து எடுக்கப்போகிறார் என்று முன்பே கேட்டு வை. இந்தப் பக்கத்து நாடுகளில் மூக்குத் தண்டை உயர்த்தச் சிலிக்கோன் வைப்பதும் சகஜம். அது உடம்புக்கு வெளியிலிருந்து வந்த பொருள். வருஷங்கள் கழித்தும் சிவந்தாலோ நகர்ந்தாலோ உடனே காட்டியாக வேண்டும்.

நான்காம் ஐந்தாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வரும். மருந்து மயக்கம் போயிருக்கும், தூக்கம் இருக்காது, கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதுபோல் இருக்கும். இதைப் பெரும்பாலான டாக்டர்கள் அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ‘செய்திருக்கவே கூடாது’ என்று பெண்கள் முடிவுகட்டுவது அந்த நாள்களில்தான்.

அடுத்த சோதனை பிளாஸ்டர் எடுக்கும் நாள். புது மூக்கு அன்றைக்கு வெளியே வரும் என்று நினைத்துக்கொண்டு போகாதே. தண்டு அகலமாக, நுனி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு, தொட்டால் மரத்துப்போய், தோல் எண்ணெய் வடிந்து இருக்கும். சிலருக்கு அடுத்த ஓரிரு நாளில் இன்னும் கொஞ்சம் உப்பும். காலையில் உப்பியிருந்தது மாலையில் வடிந்திருக்கும், ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் வற்றும், அப்போது கோணலாகத் தெரியும். ஒரு மாதத்தில் முகம் உன் முகமாகிவிடும், தண்டும் ஓரளவு சரியாகும். நுனிதான் பிடிவாதம். தோல் தடிப்பாக இருந்தால் இன்னும் தாமதம், நம்மில் பலருக்கு நுனித் தோல் தடிப்புதான். அதனால் பிளாஸ்டர் எடுத்ததும் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போட்டு அபிப்பிராயம் கேட்காதே. மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் எடுத்து நீயே வைத்துக்கொள். வடிவம் பிடிக்கவில்லை, திரும்பச் செய்ய வேண்டும் என்றாலும் நல்ல டாக்டர் ஒரு வருஷமாவது பொறுக்கச் சொல்வார்.

செய்யக்கூடாதவற்றை ஆஸ்பத்திரித் தாளில் கொடுப்பார்கள். அதில் இல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். நீ மோட்டார் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவள். முகம் மூடிய ஹெல்மெட்டைப் போடும்போதும் கழற்றும்போதும் மூக்கில் உரசும், டாக்டர் சரி என்னும் வரை பஸ். கண்ணாடி போடுகிறாய், அதன் பாரம் மூக்கில் இறங்கக்கூடாத காலம் நாலைந்து வாரமாவது இருக்கும், நெற்றியில் டேப் ஒட்டித் தாங்க வைக்கலாம், அல்லது காண்டாக்ட் லென்ஸ். முதல் வாரம் அஸாம் லக்சா, நாசி கண்டார் குழம்பு எல்லாம் வேண்டாம். உறைப்பு மூக்கை ஒழுக வைக்கும், சிந்தக் கூடாத நேரத்தில் அது பெரிய அவஸ்தை. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மு. வேப் புகைப்பதை உன் அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் டாக்டரிடம் நீ சொல்லியே ஆக வேண்டும். நிக்கோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தோல் ஆறுவதைக் கெடுக்கும், முன்னும் பின்னும் சில வாரம் அறவே கூடாது. மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல். பினாங்கு வெயிலில் தொப்பி இல்லாமல் போனால் கன்றிய இடம் கருத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும்.

இரத்தம் சொட்டுச் சொட்டாக இல்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால், காய்ச்சல் அடித்தால், பார்வை மங்கினால், தண்ணீர் போல் தெளிவாக ஒரு பக்கம் வடிந்துகொண்டே இருந்தால், மூக்குக்குள் விண்விண் என்று தெறித்து அடைப்பு திடீரென்று கூடினால், விடியட்டும் என்று காத்திராதே. கடைசியாகச் சொன்னது நடுச்சுவரில் ரத்தம் கட்டியதாக இருக்கலாம். உடனே எடுக்காவிட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கு உட்கார்ந்துவிடும்.

உன் தோழி அழகு நிலையத்தில் ஊசி போட்டே மூக்கை உயர்த்திக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கமே போகாதே. ஃபில்லர் தவறிப்போய் ரத்தக் குழாயில் இறங்கினால் தோல் செத்துப்போகும், கண் பார்வையே போனதும் உண்டு. உன் டாக்டர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டாயா?

இனி பால்குடம். ஏழு வாரத்தில் 513 படி ஏறுவதற்கு உன் உடம்பு தயாராகத்தான் இருக்கும். என் பயம் ஏற்றத்தைப் பற்றியது இல்லை. குடத்தைத் தலையில் வைத்தால் இரண்டு கையும் மேலே போய்விடும், அந்த நெரிசலில் ஒரு முழங்கை வந்தால் முகத்தைக் காக்கக் கை இருக்காது. முந்தின நாள் வெள்ளி ரதம் வரும் வழியில் சிதறுதேங்காய் உடைக்கும் இடத்தில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறாயே, ஓடு எங்கே தெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்த வருஷம் வேண்டாம். கூட்டம் இல்லாத ஒரு நாள் விடியற்காலையில் போய்க் கும்பிட்டுவிட்டு வா, பங்குனி உத்திரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், டாக்டர் சரி என்றால். முருகன் தேதி பார்க்க மாட்டார். நீ கேட்காத மூக்குத்தியையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆபரேஷனுக்கு முன்பே கழற்றிவிட வேண்டும், திரும்பக் குத்துவது பல மாதம் கழித்து, அதுவும் கேட்டுவிட்டுத்தான்.

முதல் வாரம் பட்டர்வொர்த்துக்குப் போகாதே, இங்கே ஆயர் ஈத்தாமில் என்னோடு தங்கு. நடுராத்திரி ரத்தம் வந்தால் பாலம் தாண்டி வர வேண்டியிருக்காது. தலை வழியாக மாட்டும் டீ-ஷர்ட் எதுவும் கொண்டு வராதே, முன்னால் பொத்தான் வைத்த சட்டையாக நாலைந்து எடுத்து வை.

அன்புடன்,
பெரியம்மா