உணவு விடுதித் தொழிலும் சிற்றூர் இளைஞரும்

நம் சிற்றூர்களிலிருந்து நகரம் செல்லும் இளைஞர் பலர்க்கு முதலிற் கதவு திறப்பது உணவு விடுதியே. பெரும் படிப்பு வேண்டுவதில்லை. உண்ணவும் உறங்கவும் இடம் கிடைக்கும். ஆனால், மேசை துடைக்கச் சேர்ந்தவன் சப்ளையராகவும், பின்னர்ச் சரக்கு மாஸ்டராகவும் உயர்வதற்கு ஒழுங்கான பாதை பல விடுதிகளில் இல்லை. மாஸ்டரின் மனம் குளிர்ந்தால் கரண்டி கைக்கு வரும். இல்லையேல் ஆண்டுகள் பல கழிந்தும் பாத்திரம் கழுவும் தொட்டியே கதி. விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று மேடைதோறும் பேசும் நாம், அதையே தொழிலாகக் கொண்டவனின் நிலையை அவ்வளவாக எண்ணுவதில்லை.

பார்த்துப் பழகுவது தாழ்வன்று. ஆயிரம் பேர்க்குச் சாம்பார் வைக்கும் நம் ஊர்ச் சமையற்காரரின் கைப்பக்குவத்தை எந்தக் கல்லூரியும் எளிதில் தந்துவிட இயலாது. எனினும், பழக்கம் மட்டும் கற்பிக்காத செய்திகளும் உண்டு. சோற்றையே எடுத்துக்கொள்வோம். அரிசியில் ஒட்டியிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீரிலும் அழிவதில்லை. வடித்த சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் அண்டாவிலேயே விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடேற்றினாலும் அந்த நஞ்சு முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே, சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்தல் வேண்டும். அன்றி, அகன்ற தட்டுகளிற் பரப்பி விரைவில் ஆறச்செய்து, 5 பாகைக்கு உட்பட்ட குளிரில் வைத்தல் வேண்டும். காரணம் அறிந்தவன், முதலாளி பாராதபோதும் இதைச் செய்வான். அறியாதவனுக்கோ இது வீண் வேலையாகத் தோன்றும்.

இத்தகைய அறிவை முறையாக அளிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1954-இல் பம்பாயிலும், 1963-இல் சென்னையிலும் இதற்கென நிலையங்கள் தோன்றின. சென்னை நிலையம் தரமணியில் உள்ளது. திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் மாநில அரசின் நிலையம் ஒன்றும் உண்டு. பட்டப் படிப்பைப் பற்றியே பெற்றோர் விசாரிக்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேறியோர்க்கென இத்தகைய நிலையங்கள் நடத்திவந்துள்ள கைத்தொழில் வகுப்புகளைப் பற்றி ஊர்களில் அறிந்தோர் சிலரே. 2009-10-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் தொடங்கிய திட்டமோ, எட்டாம் வகுப்புத் தேறிய இளைஞர்க்கும் சமையல், பரிமாறுதல் முதலியவற்றைச் சில வாரங்களிற் கட்டணமின்றிக் கற்க வழிசெய்தது.

சில வாரப் பயிற்சியில் முழுச் சமையற்காரர் உருவாகார் என்பதையும் கூறிவிட வேண்டும். அது வாயிற்படி மட்டுமே. அடுப்படியில் நின்று பழகும் மாதங்கள் அதன்பின் வருதல் வேண்டும். சான்றிதழ் கையிலிருந்தும், குறைந்த ஊதியத்தையும் காற்றில்லா அறையையும் கண்டு ஊர் திரும்புவோரைச் சோம்பேறிகள் என்பது முறையன்று.

ஆதலின், ஊராட்சியினரும் மகளிர் குழுவினரும் பிள்ளைகளை அனுப்புமுன் பயிற்சி நிலையத்தாரிடம் சிலவற்றைக் கேட்டறிதல் நலம். உண்மையான அடுப்பில் எத்தனை நாள் வேலை? பயிற்சி முடிந்ததும் எந்த விடுதியில், என்ன ஊதியத்தில் அமர்த்துவர்? வார விடுமுறை உண்டா? பெண்களை அனுப்பும் தாய்மார் கேட்பது இன்னும் ஒன்று: இரவு வேலை முடிந்தபின் தங்குமிடம் சேர வண்டி உண்டா? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே பெயர்ப்பட்டியலை அனுப்பலாம்.