குளிர்வது போலிருக்கும், ஆனால் குளிராது

விருதுநகர்

அன்புள்ள கயல்,

மாடித்தொட்டியில் நீ வைத்த புதினா தழைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதுதான் பெப்பர்மின்ட்டா என்றும் கேட்டிருந்தாய். இல்லை கண்ணு. சந்தையில் நாம் கட்டாக வாங்கும் புதினாவும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம்தான் பெப்பர்மின்ட். முளைக்கிற விதை அதில் பிடிப்பது அரிது. படரும் தண்டை ஒடித்து நட்டுத்தான் பெருக்குவார்கள். ஈரமும் குளுமையும் கேட்கும் அந்தச் செடி நம் கந்தக பூமி வெயிலைத் தாங்காது.

பெப்பர்மின்ட்டின் சிறப்பு அதிலுள்ள மென்தால். உன் தொட்டிப் புதினாவில் அது மிகக் குறைவு. அதற்கு மணம் தருவது கார்வோன். மென்தாலுக்காகவே உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் ஜப்பானியப் புதினாவைப் பயிரிட்டு, எண்ணெயை வடித்தெடுக்கிறார்கள். தலைவலித் தைலத்திலும் பற்பசையிலும் சேர்வது இந்த மென்தால்தான்.

பெப்பர்மின்ட் எண்ணெய் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். அதனால், குடல் எரிச்சல் நோயில் வரும் வயிற்றுவலிக்கு, குடலில் போய்க் கரையும் மாத்திரையாக மருத்துவர்கள் தருவதுண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கைக்குழந்தையின் மூக்கருகே மென்தால் தைலம் தடவவே கூடாது, மூச்சு திணறிவிடும்.

இனி முக்கியமான விஷயம். நம் நரம்பு முனைகளில் குளிரை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே மென்தாலைக் கொண்டே அதைக் கண்டுபிடித்தார்கள். 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மென்தால் பட்டதும் அந்தப் புரதம் தூண்டப்பட்டு, மூளைக்குக் 'குளிர்' என்று செய்தி போகும். தோலின் சூடோ அப்படியேதான் இருக்கும்.

இதை நம் ஊர்ப்பிள்ளை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மத்தாப்பு சுட்டாலும் தீக்குச்சி பட்டாலும் ஓடிப்போய்ப் பற்பசையை அப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலுசிலுவென்று இருப்பதால் ஆறுகிறது என்று நம்பிவிடுகிறார்கள். உள்ளே சூடு தணியாமல் தோலை மேலும் கெடுக்கும். அப்பிய பசை புண்ணை உறுத்தும், காயத்தின் ஆழத்தையும் மறைக்கும்.

தீப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான்: சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. ஐஸ் வேண்டாம், மை வேண்டாம், மஞ்சள் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்று. சுத்தமான துணியால் தளர்வாக மூடு. முகத்திலோ கண்ணிலோ பட்டாலும், காயம் பெரிதென்றாலும் உடனே 108-ஐக் கூப்பிடு.

புதினாவைத் துவையலுக்குப் பறி, மணத்தை அனுபவி. தீக்காயத்துக்குத் தண்ணீர்தான் மருந்து என்பதைத் தீபாவளிக்கு முன்பே உன் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடு.

அன்புடன்,
அத்தை