மாத்திரை பில்லுக்கு உச்சவரம்பு வைக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப், மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவைப் பார்க்கிறேன். ஊழியர்களும் அவர்களுடைய பெற்றோரும் வாங்கும் மருந்துகளின் பில்லை நிர்வாகமே திருப்பித் தருவது இங்கே முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். சில ஆண்டுகளில் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. “தலைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதற்கு மேல் அவரவர் பாடு” என்று வரம்பு வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், இந்த வரம்பு யாரைத் தொடும் என்று நிர்வாகத்துக்குக் காட்டுங்கள். எப்போதாவது காய்ச்சல் மாத்திரை வாங்குபவரை அது தொடவே தொடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் என்று தினமும் மாத்திரை போடுபவரைத்தான் தொடும். ஆண்டின் நடுவிலேயே பணம் தீர்ந்தால், அம்மாவுக்கு வாங்கிவிட்டுத் தன் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவார். பிறகு வரும் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் குரூப் இன்சூரன்ஸில் விழும், மறு ஆண்டு பிரீமியம் ஏறும். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குத் தடுப்பு மருந்துகளை முழு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மருந்தை முன்பைவிட ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். மொத்த மருத்துவச் செலவோ கூடவில்லை.

அடுத்து, ஓராண்டு பில்களை எடுத்து, பிராண்ட் பெயரை விட்டுவிட்டு ஜெனரிக் பெயர் வாரியாகக் கூட்டச் சொல்லுங்கள். இதை உங்கள் பிரிவில் செய்ய வேண்டாம். தொழிற்சாலை மருத்துவரோ வெளியார் ஒருவரோ ஊழியர் பெயர்களை நீக்கிவிட்டுச் செய்யட்டும். மனநல மருந்து சாப்பிடுகிறவர் யார், எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர் யார் என்பது பதவி உயர்வைத் தீர்மானிக்கும் மேசைக்கு வரவே கூடாது. இந்த ஒன்றில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

அப்படிக் கூட்டினால், பணத்தின் பெரும்பகுதி நீண்டநாள் நோய்களுக்கான சில மருந்துகளில் போவது தெரியும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவிலை உண்டு. மொத்த விலைக் குறியீட்டெண் ஏறும் அளவுக்கு அது ஏறும். 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது, 2025-ல் 1.74 சதவீதம்தான். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளின் விலையைக் கம்பெனிகள் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை தாமாகவே ஏற்றலாம். சர்க்கரை நோய்க்கான கூட்டு மாத்திரைகள் பலவும் இந்த இரண்டாம் வகை. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து என்பது வசதிதான். ஆனாலும் தனித்தனியாக வாங்கினால் என்ன விலை என்று உங்கள் மருத்துவர் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

உண்மையான சேமிப்பு இருப்பது வாங்கும் விலையில். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தைப் பாருங்கள். காப்புரிமை இருந்தவரை ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் இந்தியக் கம்பெனிகள் 10 ரூபாய்க்குக் கீழேயே கொண்டுவந்துவிட்டன. மாதம் 1,800 ரூபாய் ஆன இடத்தில் 300 போதும். ஆனால் பழைய சீட்டையே காட்டிப் பழைய பிராண்டை வாங்குபவர்கள் உங்களிடமும் இருப்பார்கள். காசு நிறுவனத்துடையது என்பதால் யாரும் விலையைக் கேட்பதில்லை. அது அவர்கள் குற்றமல்ல, நீங்கள் வைத்திருக்கும் முறை அப்படி.

ஆகவே பில்லைத் திருப்பித் தருவதை மெல்ல மெல்லக் குறைத்து, மருந்தாகவே கொடுக்கப் பாருங்கள். கோவையில் 20 சதவீதத் தள்ளுபடி பலகை வைத்த மருந்துக்கடைகளுக்குக் குறைவில்லை. மொத்தமாக வாங்குகிறோம் என்று பேசினால் இன்னும் இறங்குவார்கள். மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இவற்றில் வாங்கும் ஜெனரிக் மருந்துக்கு ஊழியர் ஒரு ரூபாயும் தர வேண்டாம்; அதே மருந்தின் விலை கூடிய பிராண்ட்தான் வேண்டும் என்றால் வித்தியாசத்தை அவர் தரட்டும். நான் ஏற்கும் ஒரே வரம்பு இதுதான். தொழிற்சாலையிலேயே டிஸ்பென்சரி நடத்திக் கொடுத்தால் வரியிலும் நன்மை இருக்கிறது. 15,000 ரூபாய் வரையான மருத்துவ பில்லுக்கு இருந்த விலக்கு 2018-19-லேயே போய்விட்டதால், திருப்பித் தரும் பணம் ஊழியரின் சம்பளக் கணக்கில் சேர்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

மருந்தை மாற்றும் முடிவு மருத்துவருடையதாகவே இருக்க வேண்டும். வலிப்பு மருந்து, வார்ஃபரின், தைராய்டு மாத்திரை ஆகியவற்றில் அளவு சற்றுப் பிசகினாலும் உடல் தாங்காது. நன்றாக ஒத்துப்போகிற பிராண்டை விலைக்காக அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள். அங்கே மிச்சப்படுத்த வேண்டாம்.

“விலை மலிவென்றால் வேலை செய்யுமா?” என்று ஊழியர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். மருத்துவரைக் கேன்டீனில் உட்காரவைத்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு சர்க்கரையையும் பிரஷரையும் நிறுவனச் செலவிலேயே பரிசோதித்துக் காட்டுங்கள். சுற்றறிக்கையை நம்பாதவர்கள் தங்கள் ரிப்போர்ட்டை நம்புவார்கள்.

சத்து மாவு, வைட்டமின், எந்தச் சீட்டிலும் கூடவே வரும் வயிற்றெரிச்சல் மாத்திரை ஆகியவற்றுக்குத் தனி விதி வைத்துக்கொள்ளலாம். எடை குறைக்கும் ஊசிகளுக்கு இப்போதே விதி எழுதுங்கள். 2025-ல் வந்த மவுன்ஜாரோ அறிமுகமானபோதே மாதம் 14,000 ரூபாய் அளவில் இருந்தது. சர்க்கரை நோய்க்கு எழுதப்பட்டால் ஒரு விதி, எடைக்கு மட்டும் என்றால் வேறு விதி என்பது சரியாக இருக்கும்.

இன்னும் இரண்டு இடங்களில் நிறுவனம் தேவையில்லாமல் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, நீங்கள் 3.25 சதவீதம் கட்டுகிறீர்கள். நிபந்தனைக்கு உட்பட்டு அவர்களை நம்பியிருக்கும் பெற்றோரும் அதில் வருவார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கிடைக்கிற மருந்தையே வெளியே வாங்கி உங்களிடம் பில் கொடுக்கிறார்கள் என்றால், அங்கே போக என்ன தடை என்று கேளுங்கள். ஷிப்ட் நேரம்தான் தடை என்றால் அதைச் சரிசெய்யுங்கள். மற்றொன்று புற்றுநோய் மாத்திரைகள். வாய்வழி கீமோதெரபியை ஒதுக்கக் கூடாத சிகிச்சைகளில் ஒன்றாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சேர்த்திருக்கிறது. எவ்வளவு வரை என்பதற்குப் பாலிசியில் உச்சவரம்பு இருக்கலாம். புதுப்பிக்கும் முன் அந்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேலே ஆவதை, மற்ற மருந்துகளில் மிச்சம் பிடித்த பணத்திலிருந்து நிறுவனம் கொடுக்கட்டும்.