இரட்டை இயக்க முறையும் தரிசாய்க் கிடக்கும் வட்டும்

பாசன வசதியுள்ள நிலத்தில் ஒரு பாத்தி பல வருஷம் விதைப்பின்றிக் கிடந்தால், எந்த விவசாயியும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். ஆயினும் நம் அங்கத்தினர் வீடுகளில் உள்ள மடிக்கணினிகள் பலவற்றில் இத்தகைய தரிசு ஒன்று உண்டு. அதை மீட்கும் முறையும், அதற்கு முன் செய்ய வேண்டியவையும் இம்மாதப் பாடமாகும்.

தரிசு வந்த விதம்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கணினிகளில் விண்டோஸும், பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய இயக்க முறை. வட்டை வரப்பிட்டுப் பிரித்து இரண்டிற்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. படிப்பு முடிந்தபின் அக்கணினிகளில் சில பனியன் ஆர்டர் கணக்கிற்கும், நூல் இருப்புக் கணக்கிற்கும் வந்தன. விண்டோஸ் பக்கம் நிரம்பி வழிய, மற்றப் பக்கம் திறக்கப்படாமலே கிடந்தது.

ஓர் அனுபவம்

சில வருஷங்களுக்கு முன் நம் வட்டாரத்துச் சங்கமொன்றுக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். காரியதரிசியின் மகளுக்குக் கிடைத்த கணினியில்தான் நெசவுக் கூலிக் கணக்கு எழுதப்பட்டு வந்தது. இடம் போதவில்லை என்று, உதவ வந்த இளைஞர் ஒருவர் லினக்ஸ் பகுதியை அழித்துவிட்டார். மறுநாள் கணினி விண்டோஸுக்குள் போகவில்லை. கரிய திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வாசகம் மட்டும் நின்றது. எல்லாம் போயிற்று என்று கருதி, வட்டு முழுவதையும் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினர். மூன்று மாதக் கூலிக் கணக்கு அப்போதுதான் உண்மையிலேயே போயிற்று. நெசவாளர் கையிலிருந்த புத்தகங்களைக் கொண்டு அதை மீண்டும் எழுத நேர்ந்தது.

அந்தப் பிழை வாசகம் தோன்றிய வேளையில் கணக்குகள் பத்திரமாகவே இருந்தன. வாயில் மட்டுமே அடைபட்டிருந்தது. கணினி இயங்கத் தொடங்கியதும் முதலில் க்ரப் என்னும் சிறு நிரலை நாடும். எந்த முறையைத் திறப்பது என்று கேட்கும் வாசற்காவலர் அதுவே. அதன் முக்கியப் பகுதிகள் லினக்ஸ் பாத்தியில் குடியிருக்கின்றன. காவலர் குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டால் வாசலைத் திறப்பவர் யார்?

முதலில் ஆலோசிக்க வேண்டியது

இரண்டில் வேண்டாதது எது? விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியுடனும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10-ஆம் தேதியுடனும் நின்றன. அவற்றை வைத்து வங்கிப் பணி செய்தல் ஆபத்து. லினக்ஸின் புதிய பதிப்புகள் விலையின்றிக் கிடைக்கின்றன. கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் அவசியமானால் மட்டுமே லினக்ஸை அகற்றுக.

செய்முறை

1. இரு பகுதிகளிலும் உள்ள கணக்குகளையும் படங்களையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும். திறந்து பார்க்காத நகலை நகலாகக் கொள்ளலாகாது.

2. லினக்ஸில் உள்ள வட்டுக் கருவியைத் திறந்து, அதன் பகுதிகளின் அளவுகளைத் தாளில் குறித்துக்கொள்க. ஸ்வாப் என்ற சிறு பகுதியும் அதனைச் சேர்ந்ததே.

3. அடுத்து வாசலை விண்டோஸிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய பயாஸ் முறைக் கணினியில், விண்டோஸ் பழுதுநீக்கும் வட்டிலிருந்து கணினியைத் தொடங்கி, கட்டளைத் திரையில் பூட்ரெக் என்ற கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற குறிப்புடன் தரவும். யூஈஎஃப்ஐ முறைக் கணினியில், தொடக்க வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக வைத்தால் போதும்.

4. கணினியை மறுபடி இயக்கவும். எந்த முறை வேண்டும் என்று கேளாமல் நேரே விண்டோஸ் வந்தாலன்றி அடுத்த படிக்குச் செல்லற்க.

5. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில், தாளில் குறித்த அளவுள்ள பகுதிகளை மட்டும் அழிக்கவும். சிஸ்டம் ரிசர்வ்ட், ஈஎஃப்ஐ, ரெக்கவரி என்ற பெயருள்ளவற்றைத் தொடவே கூடாது.

6. வெறுமையான இடம் சி பகுதிக்கு வலப்புறம் ஒட்டியிருந்தால், எக்ஸ்டெண்ட் வால்யூம் மூலம் அதைச் சேர்க்கலாம். இடையில் வேறொரு பகுதி நின்றால் சேராது. அடுத்தவர் வயலைத் தாண்டி நம் வரப்பை நீட்ட முடியாதன்றோ? அப்போது அவ்விடத்தைப் புதிய பகுதியாக்கிக் கணக்கு நகல்களை வைத்துக்கொள்ளலாம்.

இடையில் கரிய திரை தோன்றினால் கலங்க வேண்டாம். எதையும் துடைக்கவும் வேண்டாம். மூன்றாம் படியை மீண்டும் செய்க.

சிந்தனைக்கு

(அ) நம் சங்கக் கணினியின் வட்டில் எத்தனை பகுதிகள் உள்ளன? எவை பயன்படுகின்றன?
(ஆ) கணக்கின் நகலைக் கடைசியாகத் திறந்து பார்த்த தேதி எது?

இவ்விரண்டாம் வினாவிற்கு விடை இல்லாத சங்கம், தரிசை மீட்கும் வேலையை அடுத்த மாதத்திற்கு ஒத்திவைத்து, இம்மாதம் நகலெடுப்பதே முறை.