இயந்திரத்தின் நாடி

மருத்துவர் நோயாளியின் நாடியைப் பார்க்கின்றார். உடலின் வெப்பத்தை அளக்கின்றார். இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே நோய் இன்னதெனத் துணிகின்றார். சிறு விமானத்தைச் செலுத்துவோரும் இவ்வாறே இயந்திரத்தின் நோயை அறிதல் வேண்டும். சாலையில் செல்லும் வண்டி பழுதுற்றால் ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். வானில் அஃது இயலுமோ?

செஸ்னா 172 என்னும் சிறு விமானம் 1955-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. 1968 முதல் அவ்வகை விமானங்களுள் பெரும்பாலானவற்றில் நான்கு சிலிண்டர்கள் கொண்ட லைகாமிங் இயந்திரம் பொருத்தப்பட்டது. அதனைக் குளிர்விப்பது நீரன்று, எதிர்வரும் காற்றே. சிலிண்டரின் தலைப்பகுதி 260 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறலாகாது என்பது வரம்பு. இயந்திரம் நெடுநாள் உழைக்க வேண்டுமாயின், 205 பாகைக்குள் வைத்திருத்தல் நன்று. எரிந்து வெளியேறும் கழிவாயுவின் வெப்பமோ 700 பாகையையும் கடக்கும். இவ்விரு வெப்பங்களையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே காட்டும் கருவிகள் உண்டு.

ஒரு சிலிண்டரின் கழிவாயு மட்டும் திடீரென மிகுதியாகச் சூடேறுகின்றது எனக் கொள்வோம். அதனைக் கண்ட அளவில், அச்சிலிண்டர் கொதிக்கின்றது என்று அஞ்சுதல் தகாது. தலைப்பகுதியின் வெப்பத்தையும் நோக்குதல் வேண்டும். அது சற்றே குறைந்திருப்பின், ஸ்பார்க் பிளக்குகளுள் ஒன்று செயலற்றிருக்கக்கூடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிளக்குகள் உள்ளன. ஒன்று அணைந்தால், எரிபொருள் ஒரு புறத்திலிருந்து மட்டுமே தீப்பற்றி மெல்ல எரியும். எரிந்து முடியுமுன் வெளியேறும். அதனால் வெளியே சூடு மிகும், உள்ளே குறையும்.

இதற்கு மாறாக, கழிவாயுவின் வெப்பம் தாழ, தலைப்பகுதியின் வெப்பம் விரைந்து ஏறுமாயின், அது பேரிடரின் அறிகுறி. தீப்பொறி தோன்றுமுன்னரே எரிபொருள் தானே பற்றிக்கொள்கின்றது என்பது அதன் பொருள். சில நிமிடங்களில் பிஸ்டன் உருகி ஓட்டையாகிவிடலாம். விமானி உடனே இயந்திரத்தின் வேகத்தைத் தணித்தல் வேண்டும். எரிபொருளின் அளவைக் கூட்டிக் கலவையைச் செறிவாக்குதல் வேண்டும். அண்மையிலுள்ள நிலையத்தில் இறங்குதல் வேண்டும்.

நான்கு தலைகளும் ஒருங்கே சூடேறினால், நோய் ஒரு சிலிண்டரில் இல்லை. செங்குத்தாக ஏறும்போது விமானத்தின் விரைவு குறைந்து, குளிர்விக்கும் காற்றும் குறைகின்றது. முகப்பைச் சற்றுத் தாழ்த்தினால் சூடு தணியும். எண்ணெயின் வெப்பம் உயர, அதன் அழுத்தம் வீழ்ந்தாலோ, காலந்தாழ்த்தாது இறங்குவதே அறிவுடைமை. ஒரு முள் மட்டும் நொடிப்பொழுதில் எல்லைக்குத் தாவினால், பழுது கருவியிலோ அதன் கம்பியிலோ இருக்கவும் கூடும்.

நலமாக இருக்கும் நாளில் அளவுகளைக் குறித்து வைத்தவரே, நோயுற்ற நாளில் மாற்றத்தை உணர்வர். ஒரு சான்றினை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தல் முறையன்று. பல சான்றுகளை ஒப்பிட்டு, காரணத்தைத் தேர்ந்து, காலத்தே செயற்படுபவரே தம் உயிரையும் தம்மை நம்பி ஏறியோர் உயிரையும் காப்பர்.